அரிசி அறிந்து உலை வைத்தல்

இன்றைய உரையின் பொருள் வீட்டுச் சோறு. தினமும் நடக்கிற வேலை என்பதாலேயே அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பாயசத்துக்கும் பிரியாணிக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிற சமையல் புத்தகங்கள், சோற்றுக்கு வரும்போது அரிசியைக் குழையாமல் வேகவைத்துக்கொள்ளவும் என்று ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. குழையாமல் வேகவைப்பது எப்படி என்பதுதானே கேள்வி!

அரிசி மண்டியில் அனுபவப்பட்ட கடைக்காரர் வாடிக்கையாளரிடம் மூன்று விஷயம் விசாரிப்பார். என்ன ரகம் வேண்டும்? புதுசா, பழசா? பச்சரிசியா, புழுங்கலா? சோற்றின் சூட்சுமம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கிறது. ஆனால் சமையலறைக்குள் நுழைந்ததும் அவை மறந்துபோகின்றன. ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், மூன்று விசில் என்று குக்கரை வைத்து ஒரு கணக்கு. எந்த அரிசி வந்தாலும் அதே கணக்கு. மூட்டை மாறிய அன்று சோறு களியாகிறது, இல்லையென்றால் விறைத்துப்போகிறது. பழி சமைத்தவர் தலையில் விழுகிறது. இந்த உரை வலியுறுத்துவது ஒன்றுதான்: சமைக்கும் முறையை முடிவு செய்ய வேண்டியது அரிசி. பாத்திரமும் தண்ணீரும் தீயும் அதற்குப் பிறகு.

முதலில் ரகத்தைப் பார்ப்போம். தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 80 விழுக்காடு மாவுச்சத்து. அது அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரண்டு பொருள்களால் ஆனது. அமைலோஸ் கிளையில்லாத நீண்ட சங்கிலி; அமைலோபெக்டின் ஏராளமாகக் கிளை பிரிந்தது. அமைலோஸ் கூடுதலாக இருக்கும் அரிசி உதிரியாக வேகும், ஆறினால் விறைக்கும். குறைவாக இருக்கும் அரிசி ஒன்றோடொன்று ஒட்டும். மாவுச்சத்தில் அமைலோஸ் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதிகம், 20 முதல் 25 வரை நடுத்தரம், அதற்குக் கீழே குறைவு என்று நெல் ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒட்டரிசியில் அது அநேகமாக இல்லவே இல்லை. லாவோஸிலும் தாய்லாந்தின் வடகிழக்கிலும் அந்த அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, தண்ணீரில் போடாமலே மூங்கில் கூடையில் ஆவி காட்டி அவிக்கிறார்கள். பர்மா வணிகத் தொடர்பால் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்த கறுப்புக் கவுனியும் ஒட்டுகிற இனம்தான். அதை ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அருமையான பலகாரம். சாம்பாருக்கு அதை உதிரியாக வடிக்க முயல்வது வீண் வேலை.

தமிழ்நாட்டு வீடுகளில் பொன்னி இவ்வளவு பரவியதற்குக் காரணமும் இந்த மாவுச்சத்துக் கணக்குதான். மலேசியாவிலிருந்து வந்த மசூரி நெல்லின் வழி வந்தது பொன்னி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. சன்ன மணி, மெத்தென்ற சோறு, ஆனால் ஒட்டிப் பிடிக்காது. குழம்பு, ரசம், மோர் மூன்றையும் தாங்கும்.

இரண்டாவது, அரிசியின் வயது. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசியில் களத்துக்கு வருகிறது. அந்தப் புது அரிசி கொஞ்சம் தண்ணீரிலேயே இளகிக் குழைந்துவிடும். பொங்கலுக்கு அதுவே வேண்டும். வெல்லப் பாகோடு சேர்ந்து இழைய வேண்டிய அரிசி உதிர்ந்து நிற்கக் கூடாது. அதே அரிசியை மறுநாள் சாப்பாட்டுக்கு வடித்தால் கைக்குள் கட்டியாகத் திரளும். நெல்லோ அரிசியோ சில மாதங்கள் இருப்பில் கிடந்தால் அதன் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் மெல்ல மாறுகின்றன, மணி இறுகுகிறது. பழைய அரிசி அதிகத் தண்ணீர் கேட்கும், அதிகமாக உபரி காணும், உதிரியாக வேகும். ஓராண்டு பழசுக்குக் கடையில் விலை கூடுவது இதனால்தான். புது அரிசிதான் கிடைத்தது என்றால் வழக்கமான தண்ணீரில் கால் பங்கைக் குறைக்கலாம். அதைவிட நல்லது, வடித்துவிடுவது.

மூன்றாவது கேள்வி பச்சரிசியா புழுங்கலா என்பது. இதில் மருத்துவ வரலாறும் கலந்திருக்கிறது. 1890-களில் டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவின் படாவியா நகரில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தளர்ந்து, உயிரையே வாங்குகிற நோய் அது. ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே மாதிரி கால் தளர்ந்தது. பிறகு தானாகவே குணமானது. விசாரித்ததில், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு சில மாதம் கோழிகளுக்குப் போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர் ராணுவத்து அரிசியைக் கோழிக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திய பிறகுதான் அவை தேறின. தவிட்டோடு தூக்கியெறியப்பட்ட ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் பொருள் தயமின், அதாவது வைட்டமின் பி1. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புழுங்கல் இந்தச் சிக்கலுக்கு மில் வருவதற்கு முன்பே தீர்வு வைத்திருந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கிற பி வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் வளர்த்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இத்தகைய கேள்விகளோடுதான் தொடங்கியது. அதுவே பின்னால் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

சமைப்பவருக்கு இதில் என்ன பயன்? அவித்த நெல்லில் மாவுச்சத்து ஒருமுறை வெந்து, காய்ந்து, இறுகியிருக்கிறது. ஆகவே புழுங்கல் மெதுவாக வேகும், அதிகத் தண்ணீர் குடிக்கும், கொஞ்சம் நேரம் தவறினாலும் எளிதில் குழையாது. புதிதாகச் சமைக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான அரிசி இல்லை. பச்சரிசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு நிமிடம் கவனம் தப்பினால் கஞ்சியாகும். நெல்லுக்குச் சற்று நேரம் மட்டும் ஆவி காட்டி அரைக்கும் ஸ்டீம் அரிசி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இந்த மூன்றும் தெரிந்த பிறகு அரிசியை ஊறவைக்கலாம். ஊறல் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகிற படி. மாவுச்சத்துத் துகள்கள் ரகத்துக்குத் தக்கபடி 55 முதல் 79 பாகை செல்சியஸுக்குள் தண்ணீரை இழுத்து உப்பி இளகுகின்றன. சூடு மணியின் நடுவுக்கு விரைவில் போய்விடும். தண்ணீர் அவ்வளவு விரைவாகப் போகாது. ஊறாத அரிசியின் வெளிப்புறம் குழைந்த பிறகும் நடுவே விதை நிற்பது இதனால்தான். பச்சரிசிக்கு 20 நிமிடம், புழுங்கலுக்கு அரை மணி நேரம் போதும். தவிடு நீக்காத மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளுக்குத் தவிட்டுத் தோலே தடுப்பு; இரவே ஊறப் போட வேண்டும்.

களைவதிலும் அளவு உண்டு. அரைத்த மாவும் தூசியும் போக இரண்டு மூன்று முறை களைந்தால் போதும். கசக்கித் தேய்த்தால் மணி உடைந்து நொய்யாகும், கரையக்கூடிய வைட்டமின்களும் கழுநீரோடு போகும். செறிவூட்டிய ரேஷன் அரிசியில் நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் சத்துச் சேர்த்த மணிகள் கலந்திருக்கும். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து மணி வடிவில் பிழிந்தெடுத்தவை அவை. நிறத்தில் சற்றே மாறுபட்டிருப்பதாலும் சில தண்ணீரில் மிதப்பதாலும் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பலர் பொறுக்கி எறிகிறார்கள். குடும்பத்துக்கு வந்து சேர வேண்டிய சத்து குப்பைக்குப் போகிறது. அவற்றை அரிசியோடு சேர்த்தே சமைக்கலாம்.

இனி முறைகள். முதலில் வடித்தல். அரிசியைப் போல ஐந்தாறு மடங்கு தண்ணீர் வைத்து, உலை நன்றாகக் கொதித்த பிறகுதான் அரிசியைப் போட வேண்டும். போட்டவுடன் அடிவரை ஒருமுறை கிளறினால் அடிப்பிடிக்காது. பாதி வேக்காட்டுக்குப் பிறகு கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது. பதம் பார்க்க ஒரு பருக்கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்க வேண்டும். நடுவில் மாவுப்புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். பச்சரிசியை அந்தப் புள்ளி மறைவதற்குச் சற்று முன்பே இறக்கிவிடலாம். வடிகிற நேரத்தில் சொந்தச் சூட்டிலேயே அது வெந்துவிடும். புழுங்கல் முழுதும் வெந்த பிறகு இறக்க வேண்டும். சிப்பல் தட்டை வாயில் பொருத்தி, துணியால் இறுகப் பிடித்துச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை வடியவிட்டு, நிமிர்த்தி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சோறு மலர்ந்திருக்கும்.

இந்த முறையில் தண்ணீர் அளவு தவறவே முடியாது. புது அரிசி, பெயர் தெரியாத அரிசி, வாடை அடிக்கிற அரிசி எல்லாவற்றுக்கும் இதுவே பாதுகாப்பான வழி. இழப்பும் உண்டு: கரைந்த வைட்டமின்கள் கஞ்சியில் போய்விடும். கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்த வீடுகளில் அந்த இழப்பு இல்லை. நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்துள்ள மேற்கு வங்கத்தின் கதை வேறு. அங்கே, மாசில்லாத தண்ணீரில் நன்றாகக் களைந்து, ஆறு மடங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அரிசியிலுள்ள ஆர்சனிக்கில் பாதிக்கு மேல் கழுநீரோடும் கஞ்சியோடும் வெளியேறுவதாக 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய இடங்களில் கஞ்சியைக் கொட்டிவிடுவதே நல்லது.

இரண்டாவது முறை, அளந்த தண்ணீரை முழுதும் வற்றவிடுவது. இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீருக்கு இரண்டு செலவு. ஒன்று, அரிசி குடிப்பது. அரிசி இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். மற்றொன்று, ஆவியாகப் போவது. அது பாத்திரத்தின் அகலம், மூடியின் இறுக்கம், அடுப்பில் இருக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்ததல்ல. ஒரு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்குத் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை அரிசிக்கு, அரை ஆவிக்கு. விருந்தாளி வந்த அன்று அதே பாத்திரத்தில் நான்கு ஆழாக்கு வைத்தால் அரிசிக்கு ஆறு, ஆவிக்கு அதே அரை. ஆக ஆறரை போதும். பழக்க தோஷத்தில் எட்டு ஊற்றுகிறோம். விருந்தன்று சோறு குழைகிறது.

அளக்கும் பாத்திரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆழாக்கு என்பது 168 மில்லி. ஜப்பானிய வழக்கப்படி ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. சமையல் குறிப்புகளில் வரும் கப் பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி. அரிசியை ஒன்றாலும் தண்ணீரை இன்னொன்றாலும் அளந்தால் எந்தக் குறிப்பும் பலிக்காது.

பிரஷர் குக்கரில் இந்த ஆவிச் செலவு மிகக் குறைவு. உள்ளே அழுத்தம் ஏறுவதால் கடல்மட்டத்தில் தண்ணீர் 120 பாகைக்கு அருகே கொதிக்கிறது. ஊட்டியில் இதன் அருமை தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடுவதால், சமவெளிக் கணக்கில் வைத்த புழுங்கல் அங்கே வேகாமல் அடம்பிடிக்கும், குக்கர்தான் கைகொடுக்கும். குக்கருக்குள் பாத்திரம் வைத்துச் சமைக்கும்போது பொன்னிப் பச்சரிசிக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு, புழுங்கலுக்கு மூன்று மடங்கு, ஊறிய பாஸ்மதிக்கு ஒன்றரை மடங்கு என்று தொடங்கி, அவரவர் அரிசிக்கும் வாய்க்கும் ஏற்றபடி கால் கால் பங்காகக் கூட்டியோ குறைத்தோ நிலைநிறுத்தலாம்.

விசில் எண்ணுவது நம்பகமான அளவுகோல் அல்ல. பெரிய தீயில் மூன்று விசில் நான்கே நிமிடத்தில் வரும். சின்னத் தீயில் கால் மணி நேரம் ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பச்சரிசிக்கு ஐந்து நிமிடம், புழுங்கலுக்குப் பத்து நிமிடம் என்று பழகினால் நாள்தோறும் ஒரே பதம் வரும். அழுத்தம் தானாக இறங்கும்வரை வெயிட்டைத் தொடக் கூடாது. அவசரப்பட்டுத் தூக்கினால் அழுத்தம் சட்டென்று விழுந்து, மணிக்குள் இருக்கும் தண்ணீர் குபீரென்று ஆவியாகி மணியைக் கிழித்துவிடும். தண்ணீர் சரியாக வைத்தும் சோறு பிசுபிசுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மின்சார ரைஸ் குக்கரின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. டோஷிபா நிறுவனத்துக்காக அதை உருவாக்கிய மினாமி யோஷிதாதா சிறு பட்டறை நடத்தியவர். வீட்டில் சோறாக்கிச் சூட்டை அளந்து குறித்து, சோதனைகளின் பெரும்பாரத்தைச் சுமந்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. 1955 டிசம்பரில் அது விற்பனைக்கு வந்தது. வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய சிறிதளவு தண்ணீர் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வற்றும். வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டும். உடனே சுவிட்ச் விழும். இன்று பரவலாக இருக்கும் எளிய குக்கர்களில் அடித்தட்டின் நடுவே ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. அரிசி கடைசித் துளியையும் குடித்ததும் சூடு ஏறுகிறது, காந்தம் பிடியை இழக்கிறது, சுவிட்ச் விழுகிறது. அரிசி வெந்ததா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததை மட்டுமே அது அறியும். ஆகவே பழைய புழுங்கலை ஊறவைக்காமல் போட்டால், பொத்தான் விழுந்த பிறகும் விதை நிற்கும். பொத்தான் விழுந்து பத்து நிமிடம் திறக்காமல் விட்டால் மேலும் கீழும் ஈரம் சமமாகும்.

மூன்றாவது வழி இரண்டையும் கலந்தது: பாதி வடித்து, பாதி ஆவியில் முடிப்பது. ஈரானிய வீடுகளில் அரிசியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்து, அடியில் எண்ணெயோ வெண்ணெயோ ஊற்றிய பாத்திரத்தில் குவித்து, மூடியைத் துணியால் சுற்றிச் சிறு தீயில் வைக்கிறார்கள். மூடியில் படியும் நீராவியைத் துணி உறிஞ்சிக்கொள்வதால் சோற்றின் மேல் சொட்டுவதில்லை. அடியில் பொன்னிறமாய் முறுகும் தஹ்திக்குக்கு வீட்டில் போட்டியே நடக்கும். ஆம்பூரில் சீரகச் சம்பாவை முக்கால் பதத்தில் வடித்துக் கறியோடு சேர்த்துத் தம் போடுவதும் இதே அறிவுதான். காய்கறிப் புலாவை வீட்டில் செய்பவர்கள் அந்த மூடித்துணியை மட்டுமாவது கடன் வாங்கலாம்.

எரிபொருளை மிச்சப்படுத்துகிற வழி கேரளத்தில் பரவியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் மக்களிடையே கொண்டுசென்ற சூடாறாப் பெட்டி, சூடு வெளியேறாதபடி உட்புறம் பொதிந்த ஒரு பெட்டி, அவ்வளவே. நெடுநேரம் எரித்தால்தான் வேகும் மட்டை அரிசியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு அதற்குள் வைத்து மூடினால் ஓரிரு மணி நேரத்தில் அடுப்பில்லாமலே வெந்திருக்கும். வடிப்பது மட்டும் பாக்கி. கடைகளில் விற்கும் தெர்மல் குக்கர் அதே யோசனை. தடித்த புழுங்கல் சாப்பிடும் தமிழ் வீடுகளுக்கும் அது பொருந்தும்.

வெந்த சோற்றுக்கும் கவனிப்பு வேண்டும். எலுமிச்சை, புளி, தேங்காய் கலந்த சாதங்களுக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் சுற்றிவிட்டு ஆறவிட வேண்டும். ஆறும்போது அமைலோஸ் இறுகுவதால் மணி உடையாமல் கிளற முடியும். மீந்த சோற்றை மாலைவரை மேடையிலேயே விட்டுவைப்பது ஆபத்து. பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. மிதமான சூட்டில் முளைத்துப் பெருகி, திரும்பச் சுடவைத்தாலும் அழியாத நஞ்சை விடக்கூடியவை. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். விறைத்த சோற்றின் மேல் தண்ணீர் தெளித்து ஆவி காட்டினால் பழையபடி இளகும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அரிசிப் பையின் மேல் பிராண்டும் எடையும் பளிச்சென்று இருக்கின்றன. உள்ளே இருப்பது எந்த ரகம், எந்தப் பருவத்தில் அறுத்தது என்பது பெரும்பாலான பைகளில் இல்லை. பையில் அடைத்த தேதியைப் பார்த்து அரிசியின் வயதைச் சொல்ல முடியாது. ரகம், அறுவடை மாதம், அவித்த விதம் ஆகிய மூன்றையும் அச்சிட ஆலைகளை நுகர்வோர் கேட்க வேண்டும். தேயிலைக்கும் காபிக்கும் தோட்டத்தின் பெயர் போடுகிற சந்தையில் இது கூடாத காரியமல்ல. அதுவரை, புது மூட்டை பிரித்ததும் ஒரே ஒரு ஆழாக்கு அரிசியை அளந்த தண்ணீரில் வைத்துப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு, ஊறிய நேரம் எவ்வளவு, அடுப்பில் இருந்த நேரம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி அரிசி டப்பாவில் ஒட்டிவிடலாம். வீட்டில் யார் அடுப்படிக்குப் போனாலும், அது அம்மாவானாலும் அப்பாவானாலும் பள்ளி விட்டு வந்த பிள்ளையானாலும், அன்றைக்கு அதைப் பார்த்து உலை வைக்கலாம்.